உடல், உழைப்பு, உடைமை: போர்க்கால பிரிட்டனில் அரசின் கை எதுவரை நீண்டது?

"இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசு தன் சொந்தக் குடிமக்கள் மீதே சர்வாதிகாரிக்கு உரிய அதிகாரங்களை எடுத்துக்கொண்டது என்கிறார்களே, ஜனநாயக நாட்டில் அது எப்படி முடிந்தது? மக்கள் ஏன் பொறுத்துக்கொண்டார்கள்? போர் முடிந்ததும் அதிகாரங்களைத் திருப்பிக் கொடுத்தார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இவை மூன்று தனிக் கேள்விகள். முதலாவதற்குப் பதில் சுலபம். இரண்டாவதற்குத்தான் நீட்டி முழக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவதற்கான பதிலில் ஒரு துண்டு உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

ஏட்டளவில் பார்த்தால் நீங்கள் கேள்விப்பட்டது மிகையே இல்லை. 1939 ஆகஸ்ட் 24 அன்று, பிரிட்டன் போரில் இறங்கப் பத்து நாள் இருக்கும்போதே, விடுமுறையில் இருந்த நாடாளுமன்றத்தைக் கூட்டி, அவசர அதிகாரங்கள் (பாதுகாப்பு) சட்டத்தை ஒரே நாளில் நிறைவேற்றிவிட்டார்கள். அந்தச் சட்டம் தானாக எதையும் தடைசெய்யவில்லை. நாட்டின் பாதுகாப்புக்கும் போரை நடத்துவதற்கும் தேவை என்று தோன்றும் விதிகளை அமைச்சர்களே ஆணையாக வெளியிடலாம், அந்த விதிகள் ஏற்கெனவே உள்ள சட்டங்களையும் மீறி நிற்கும் என்று மட்டும் சொன்னது. சட்டம் எழுதும் பேனாவையே நாடாளுமன்றம் கைமாற்றிக் கொடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கடிவாளங்கள் மட்டும் மிஞ்சின. சட்டத்தின் ஆயுள் ஓராண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு விதியையும் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். உறுப்பினர்கள் நினைத்தால் ரத்துசெய்யலாம். பார்ப்பதற்கு நூல்கயிறுதான். ஆனால் ஒருமுறை இழுத்தபோது குதிரை நின்றது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த முதல் சட்டம்கூட ஒன்றைத் தொடவில்லை: ஆளைக் கட்டாய வேலைக்கு அனுப்பும் அதிகாரம் அதில் கிடையாது. அந்த இடைவெளியும் 1940 மே 22 அன்று அடைபட்டது. ஜெர்மானியப் படைகள் ஆங்கிலக் கால்வாயின் கரையைத் தொட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தொழிற்கட்சித் தலைவர் கிளமெண்ட் அட்லி கொண்டுவந்த மசோதா இரு அவைகளையும் ஒரே பிற்பகலில் கடந்தது. குடிமக்கள் தங்களையும், தங்கள் உழைப்பையும், தங்கள் உடைமைகளையும் மன்னரின் வசம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரம் அரசுக்கு வந்தது. உடைமை என்பதில் வங்கியும் ஆலையும் அடக்கம். உழைப்பாளியைக் கட்டுகிற கயிற்றால் முதலாளியையும் கட்ட வேண்டும் என்பது தொழிற்கட்சியின் நிபந்தனை போல இருந்தது. வழக்கத்துக்கு மேலான லாபத்தின் மீது 100 சதவீத வரி அதே நாட்களில் வந்தது தற்செயல் இல்லை.

இனி ஏட்டை மூடிவிட்டுத் தெருவுக்கு வருவோம். சாதாரணக் குடும்பத்தின் மேல் முதலில் விழுந்த விதி விளக்கைப் பற்றியது. 1939 செப்டம்பர் 1 இரவு முதல் ஜன்னல் வழியே ஒரு கீற்று வெளிச்சம் வெளியே தெரிந்தாலும் குற்றம். வான்தாக்குதல் பாதுகாப்பு வார்டன் கதவைத் தட்டுவார், பிறகு அபராதம். தெருவிளக்குகள் அணைந்தன, கார் விளக்குகளுக்கு முகமூடி வந்தது. நடைபாதை ஓரங்களுக்கும் மரங்களுக்கும் வெள்ளை அடித்தார்கள். கிராமங்களில் சில விவசாயிகள் தங்கள் மாடுகளின் உடம்பிலேயே வெள்ளைப் பட்டை தீட்டினார்கள். விமானம் வந்து குண்டு போடுவதற்கு முன்பே இருட்டு ஆட்களைக் கொல்லத் தொடங்கியது. 1941-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 9,169 பேர். கார்கள் பல மடங்கு பெருகிவிட்ட பிற்காலத்தில்கூட பிரிட்டன் அந்த எண்ணிக்கையைத் தாண்டவில்லை.

தமிழில் அப்போது இதற்கு வந்த சொல் இருட்டடிப்பு. இன்றைக்குச் செய்தியை மறைப்பதற்குத்தான் அதைப் பயன்படுத்துகிறோம். இரண்டு பொருளும் ஒரே படிக்கட்டில் சந்தித்த நாள் ஒன்று உண்டு. 1943 மார்ச் 3 இரவு, கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் சுரங்க ரயில் நிலையத்தில் இருந்த பதுங்குமிடத்துக்கு மக்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மங்கலான ஒரே ஒரு பல்பு, நடுவில் கைப்பிடி இல்லாத படிகள். ஒருவர் தடுக்கி விழ, பின்னால் வந்தவர்கள் மேலே மேலே விழுந்து 173 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அங்கே ஒரு குண்டுகூட விழவில்லை. அந்த வாசலைச் சீர்திருத்தப் பணம் வேண்டும் என்று உள்ளாட்சி மன்றம் 1941-லேயே கேட்டிருந்தது, கிடைக்கவில்லை. விசாரணை நடந்தது, ஆனால் அதன் அறிக்கை 1945 வரை வெளியே வரவில்லை. பழி சுமந்த மன்றத்துக்குத் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லவும் வழியில்லாமல் இருந்தது. போர்க்கால பிரிட்டனை ஒரே குடும்பமாக வரைந்து காட்டுகிறவர்கள் இந்தப் படிக்கட்டைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. 1940 ஜனவரி 8 அன்று பங்கீடு தொடங்கியது. ஒரு ஆளுக்கு வாரத்துக்கு உப்பிட்ட பன்றியிறைச்சி சுமார் 113 கிராம், வெண்ணெய் அதே அளவு, சர்க்கரை 340 கிராம். மார்ச்சில் மற்ற இறைச்சி, ஜூலையில் தேயிலை. ஆங்கிலேயனுக்கு வாரத்துக்கு 57 கிராம் தேயிலை என்பது நம்மிடம் காபிப்பொடியைப் பிடுங்கிக்கொண்டதற்குச் சமம். அடுத்த ஆண்டு பாலாடைக்கட்டி, ஜாம், துணிமணி. 1942-ல் சோப்பு, மிட்டாய். ஒவ்வொரு குடும்பமும் குறிப்பிட்ட மளிகைக்கடையில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். கடைக்காரருக்கு அத்தனை தலைக்குத்தான் சரக்கு வரும். அவர் கூப்பனைக் கத்தரித்துக்கொண்டு பொருளைக் கொடுப்பார். கூப்பன் இருந்தால் சரக்கு நிச்சயம் உண்டு என்பதுதான் ஏற்பாட்டின் உயிர்நாடி. அதில் ஒருமுறை பிசகியிருந்தாலும் மொத்தமும் கவிழ்ந்திருக்கும்.

இன்னொரு நுட்பம் எதைப் பங்கிடவில்லை என்பதில் இருந்தது. ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் போர் முடியும் வரை கட்டுப்படுத்தவே இல்லை. வெண்ணெய் குறைந்தால் முணுமுணுப்பார்கள், வயிறு காய்ந்தால் தெருவுக்கு வருவார்கள் என்பது உணவு அமைச்சகத்துக்குத் தெரிந்திருந்தது. 1940 ஏப்ரல் முதல் அமைச்சராக இருந்த உல்ட்டன் பிரபு அரசியல்வாதி அல்லர். பல்பொருள் அங்காடி நடத்திப் பெயர் வாங்கியவர். வாடிக்கையாளர் எதற்குக் கோபப்படுவார் என்று அறிந்தவர். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தனி அட்டை, கூடுதல் பால், ஆரஞ்சுச் சாறு. இறைச்சி உண்ணாதவர்கள் இறைச்சிக் கூப்பனை விட்டுக்கொடுத்தால் கூடுதல் பாலாடைக்கட்டி. போருக்கு முன்னால் அரைவயிறாக இருந்த ஏழைக் குழந்தைகள் பலர் போர்க்காலத்தில்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள்.

பெரிய இடங்களும் இதில் அகப்பட்டன. 1942-ல் பக்கிங்ஹாம் அரண்மனையில் விருந்தாளியாகத் தங்கிய எலினார் ரூஸ்வெல்ட், குளியல் தொட்டியில் ஐந்து அங்குல உயரத்தில் கோடு போட்டிருந்ததைப் பார்த்தார். அதற்கு மேல் வெந்நீர் நிரப்பக் கூடாது. நாடக உலகில் கொடிகட்டிப் பறந்த ஐவர் நொவெல்லோ, பெட்ரோல் கட்டுப்பாட்டை ஏமாற்றி காரை ஓட்டியதற்காக 1944-ல் நான்கு வாரம் சிறையில் இருந்தார். இந்தச் செய்திகளுக்குச் சாதாரண மக்களிடம் இருந்த மதிப்பைக் குறைத்து எடைபோடாதீர்கள். கூடவே மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். துணிக் கூப்பன் வந்தபோது பீரோ நிறைய உடுப்பு வைத்திருந்தவருக்கும் இரண்டே சட்டை வைத்திருந்தவருக்கும் அதே 66 கூப்பன்தான். உணவகத்தில் சாப்பிட்டால் கூப்பன் தேவையில்லை, ஆகவே காசுள்ளவர்கள் நல்ல ஹோட்டல்களில் வயிறாரச் சாப்பிட்டார்கள். முணுமுணுப்பு முற்றிய பிறகு, 1942-ல்தான், ஒரு சாப்பாட்டுக்கு ஐந்து ஷில்லிங் என்று உச்சவரம்பு வந்தது. சமத்துவம் முழுசாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. சமத்துவம் இல்லாத இடத்தைச் சுட்டிக்காட்டினால் அரசு கூச்சப்பட்டது. அந்தக் கூச்சம்தான் பெரிய விஷயம்.

உழைப்பு விஷயத்தில் அரசின் கை இன்னும் கடினமாக விழுந்தது. தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் துறைமுகத் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். யாரையும் எந்த வேலைக்கும் அனுப்பும் அதிகாரம் அவர் மேசையில் இருந்தது. 1941 மார்ச் முதல், அத்தியாவசியம் என்று குறிக்கப்பட்ட தொழிலில் இருப்பவர் அனுமதி இல்லாமல் வேலையை விட்டுப் போக முடியாது. முதலாளியும் அனுமதி இல்லாமல் அவரை நீக்க முடியாது. அந்த ஆண்டு டிசம்பரில் திருமணமாகாத 20 முதல் 30 வயது வரையிலான பெண்களையும் சட்டப்படி அழைத்தார்கள். 1943 டிசம்பரில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஆள் போதவில்லை என்று குலுக்கல் முறையையே கொண்டுவந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு எண்ணை எடுப்பார்கள். ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட இளைஞனின் பதிவு எண் அதில் முடிந்தால் துப்பாக்கிக்குப் பதில் மண்வெட்டி. பள்ளியில் விமானியாகக் கனவு கண்ட பையன் சுரங்கத்தில் இறங்கினான். சீருடை கிடையாது, அதனால் தெருவில் போருக்குப் பயந்தவன் என்ற ஏச்சு வேறு.

இவ்வளவு அதிகாரமும் எங்கே முட்டி நின்றது என்பதற்கு கென்ட் மாவட்டத்தின் பெட்டிஷேங்கர் சுரங்கத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வேலைநிறுத்தம் 1940 முதல் சட்டவிரோதம். 1942 ஜனவரியில், கடினமான ஒரு பகுதியில் வெட்டுவதற்கான கூலித் தகராறில் அங்கே ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். அரசு சட்டத்தைக் காட்டுவது என்று முடிவெடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர் மீது வழக்கு. சங்க நிர்வாகிகள் மூவருக்குச் சிறை. மற்றவர்களுக்கு ஒரு பவுண்டு, மூன்று பவுண்டு என்று அபராதம். அதற்குப் பிறகு நடந்தது சட்டப் புத்தகத்தில் இல்லாதது. வேலைநிறுத்தத்தை முடிக்க ஆணையிட வேண்டியவர்கள் சிறையில் இருந்தார்கள். ஆகவே அமைச்சர் சிறைக்கே போய்ப் பேச்சு நடத்த, ஒப்பந்தம் சிறைக்குள் கையெழுத்தானது. தொழிலாளர் கேட்டதில் பெரும்பகுதி கிடைத்தது. பதினோரு நாளில் நிர்வாகிகள் வெளியே வந்தார்கள். அபராதத்தைக் கட்டியவர்கள் மொத்தம் ஒன்பது பேர். மற்றவர்களிடம் வசூலிக்க முயல வேண்டாம் என்று மேலிடமே சொல்லிவிட்டது. ஆயிரம் பேரைச் சிறையில் அடைத்தால் நிலக்கரியை யார் வெட்டுவது? 1944-ல் வேலைநிறுத்தங்களால் போன வேலைநாட்கள் மட்டும் சுமார் 37 லட்சம். சட்டவிரோதம் என்று எழுதி வைத்திருந்ததன் மதிப்பு அவ்வளவுதான்.

லண்டன் சுரங்க ரயில் நிலையங்களின் கதையும் இதே வழிதான். 1940 செப்டம்பர் 7 முதல் தொடர்ந்து 57 இரவுகள் அந்த நகரத்தின் மேல் குண்டுகள் விழுந்தன. நிலையங்களைப் பதுங்குமிடமாகப் பயன்படுத்தக் கூடாது என்பது அரசின் கொள்கை. ரயில்கள் ஓட வேண்டும். கீழே போனவர்கள் மேலே வரவே மாட்டார்கள் என்ற பயமும் இருந்தது. மக்கள் விவாதிக்கவில்லை. ஒன்றரைப் பென்னிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு, போர்வையும் குழந்தையுமாகக் கீழே இறங்கி, நடைமேடையில் படுத்துக்கொண்டார்கள். டிக்கெட் வாங்கியவரை வெளியே துரத்த எந்த விதி இருக்கிறது? அந்த மாத இறுதியில் ஒரே இரவில் சுமார் 1,77,000 பேர் அங்கே தூங்கினார்கள். தடைசெய்த அதே அரசு பிறகு படுக்கையும் கழிப்பறையும் தேநீரும் ஏற்பாடு செய்தது.

பேச்சுரிமை பற்றிச் சுருக்கமாக. 1940 கோடையில் பீதியும் சோர்வும் உண்டாக்கும்படி பேசுவது குற்றமானது. மதுக்கடையில் ஜெர்மானியர் ஜெயித்துவிடுவார்கள் என்று புலம்பியவர்கள்கூட நீதிமன்றத்தில் நின்றார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன, நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன, ஜூலை இறுதிக்குள் சர்ச்சிலே பின்வாங்கினார். கம்யூனிஸ்ட் நாளிதழான டெய்லி ஒர்க்கரை 1941 ஜனவரியில் மூடினார்கள். ஒன்றரை ஆண்டுக்கு மேல் அது வெளிவரவில்லை. 1942-ல் டெய்லி மிரர் ஒரு கேலிச்சித்திரத்துக்காக மிரட்டப்பட்டது. நாடாளுமன்றத்தில் பெரிய விவாதம் எழுந்தது, பத்திரிகை தப்பியது.

ஆனால் எல்லா இடத்திலும் மக்கள் தள்ளியதும் அரசு நகர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தள்ள ஆளில்லாதவர்கள் நசுங்கினார்கள். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூத அகதிகளும், பல ஆண்டுகளாக அங்கே கடை நடத்திய இத்தாலியர்களும் 1940 கோடையில் எதிரி நாட்டவர் என்று பிடிக்கப்பட்டார்கள். மொத்தம் சுமார் 27,000 பேர், பெரும்பாலும் ஐரியக் கடலில் உள்ள மேன் தீவில் முள்வேலிக்குள். கனடாவுக்கு அனுப்பப்பட்ட கைதிகளை ஏற்றிச் சென்ற அரண்டோரா ஸ்டார் கப்பலை ஜூலை 2 அன்று ஜெர்மானிய நீர்மூழ்கி தகர்த்ததில் 800 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் நாடாளுமன்றம் விழித்து, விடுதலைகள் தொடங்கின.

பிரிட்டிஷ் குடிமக்களையே விசாரணையின்றி அடைக்க உதவியது பாதுகாப்பு விதி 18பி. சட்டம் படிக்கிறவர்கள் இதில் ஒரு சொற்றொடரைக் கவனிக்க வேண்டும். என் பதிலின் முடிச்சு அதில்தான் இருக்கிறது. முதலில் வெளியான விதி, உள்துறை அமைச்சர் "திருப்தியடைந்தால்" ஒருவரை அடைக்கலாம் என்றது. 1939 அக்டோபர் 31 அன்று லிபரல் உறுப்பினர் டிங்கிள் ஃபுட் அதை ரத்துசெய்யத் தீர்மானம் கொண்டுவந்தார். முன்பு சொன்ன நூல்கயிறு இதுதான். அரசு இறங்கி வந்து, அடுத்த மாதம் விதியைத் திருத்தியது: அமைச்சர் "நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால்" மட்டுமே அடைக்கலாம். திருப்தி என்பது மனத்துக்குள் இருப்பது, யாரும் கேள்வி கேட்க முடியாது. நியாயமான காரணம் என்றால் நீதிபதி காட்டச் சொல்லலாம். அதற்காகத்தான் சொல்லை மாற்றினார்கள்.

1940 மே 23 அன்று பாசிஸ்ட் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லியும், தொடர்ந்து நூற்றுக்கணக்கானவர்களும் உள்ளே போனார்கள். அதே விதியில் அடைபட்ட ராபர்ட் லிவர்சிட்ஜ் என்ற தொழிலதிபர், நியாயமான காரணத்தைக் காட்டுங்கள் என்று வழக்குப் போட்டார். 1941 நவம்பரில், அன்றைக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் நால்வர், அமைச்சர் காரணம் இருப்பதாக நினைத்தாலே போதும் என்றார்கள். நாடாளுமன்றம் வேண்டுமென்றே மாற்றிய சொல்லை நீதிமன்றம் பழையபடி படித்துவிட்டது! அட்கின் பிரபு ஒருவர் மட்டும் மாறுபட்டார். ஆயுதங்கள் மோதும்போதும் சட்டங்கள் ஊமையாவதில்லை என்று எழுதினார். சக நீதிபதிகள் நிர்வாகத்தைவிட அதிகமாக நிர்வாகத்தின் பக்கம் சாய்கிறார்கள் என்றும் சொன்னார். அதற்காகச் சக பிரபுக்கள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பார்கள். 1979-ல் அதே சபையில் டிப்ளாக் பிரபு, பெரும்பான்மைத் தீர்ப்பு தவறு என்று ஒப்புக்கொண்டார். 1976-ல் நம் உச்ச நீதிமன்றத்தில் நெருக்கடிநிலை வழக்கில் நீதிபதி எச்.ஆர்.கன்னா விசாரணையற்ற காவலுக்கு எதிராகத் தனியாக நின்றதை அறிந்தவர்களுக்கு அட்கின் அந்நியர் அல்லர்.

இப்போது இதே கதையை இந்தியாவுக்குக் கொண்டுவருகிறேன். பொறுத்துக்கொண்டது ஏன் என்ற உங்கள் கேள்விக்கு ஒப்பிட்டுப் பார்க்காமல் பதில் இல்லை. 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியத் தலைவர் எவரையும் கேட்காமல் இந்தியா போரில் இருப்பதாக அறிவித்தார். அந்த மாதமே இந்தியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகளின் நடையும் அமைப்பும் லண்டனில் இருந்தவற்றின் உடன்பிறப்பு. அக்டோபரில் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை விலகியது. அதன் பின் 1946 வரை ஆளுநர் ஆட்சி. கேள்வி கேட்க டிங்கிள் ஃபுட் உட்கார்ந்திருந்த நாற்காலியே இங்கே இல்லை.

சொற்றொடர் மட்டும் இங்கேயும் வந்தது, தலைகீழாக. "நியாயமாகச் சந்தேகிக்கப்படுபவர்களை" அடைக்க விதி செய்யலாம் என்று சட்டம் சொன்னது. அதன் கீழ் எழுதப்பட்ட 26-ஆம் விதியோ, அரசு "திருப்தியடைந்தால்" போதும் என்றது. 1943 ஏப்ரலில் கேசவ் தல்பாடே வழக்கில் தலைமை நீதிபதி மாரிஸ் குவையர் தலைமையிலான கூட்டாட்சி நீதிமன்றம், விதி சட்டத்தைத் தாண்டுகிறது, செல்லாது என்று தீர்ப்பளித்தது. லண்டன் நீதிபதிகள் செய்யத் துணியாததை டெல்லியில் செய்தார்கள். ஆயிரக்கணக்கான காவல் உத்தரவுகள் ஒரே அடியில் ஆட்டம் கண்டன. வைஸ்ராய் ஒரு வாரத்துக்குள் அவசரச் சட்டம் போட்டு, மூலச் சட்டத்தின் சொல்லையே முன்தேதியிட்டு மாற்றிவிட்டார். அங்கே நாடாளுமன்றம் சொல்லை மாற்றியது, நீதிமன்றம் கைவிட்டது. இங்கே நீதிமன்றம் சொல்லைக் காப்பாற்றியது, ஒரு கையெழுத்து அதை அழித்தது. அந்த நேரத்தில் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் பிடிபட்டவர்கள் பல்லாயிரம் பேர்; 1943 முடிவதற்குள் கைதுகளின் எண்ணிக்கை தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது.

சோற்றிலும் அப்படித்தான். 1942-ல் ஜப்பானியர் வந்தால் அவர்களுக்குப் பயன்படக் கூடாது என்று வங்கக் கடலோரத்தில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளைப் பல்லாயிரக்கணக்கில் பறித்தார்கள், உடைத்தார்கள். நெல்லையும் அப்புறப்படுத்தினார்கள். படகுதான் அங்கே வண்டி, படகுதான் வலை வீச இடம், படகுதான் நெல் சந்தைக்குப் போகும் வழி. மாகாணப் பிரதமராக இருந்த ஃபஸ்லுல் ஹக்கே தன்னைக் கலக்காமல் காரியம் நடந்ததாக ஆளுநருக்குக் கடிதம் எழுதிப் புலம்ப வேண்டியிருந்தது. கல்கத்தாவில் போர் உற்பத்திக்குத் தேவையான ஆலைத் தொழிலாளருக்கும் அரசு ஊழியருக்கும் முன்னுரிமையில் அரிசி கிடைத்தது. கிராமத்துக் கூலிக்கு அப்படி எதுவும் இல்லை. அந்த நகரத்தில் முறையான பங்கீடு 1944 தொடக்கத்தில்தான் வந்தது. அதற்குள் 1943-ன் வங்கப் பஞ்சம் தன் வேலையை முடித்துவிட்டது: அரசு அமைத்த விசாரணைக் குழுவின் கணக்கில் 15 லட்சம் உயிர்கள், பின்னால் வந்த ஆய்வாளர்களின் கணக்கில் அதைப் போல இரு மடங்கு வரை. லண்டனில் முட்டைக்குக் கணக்குப் பார்த்த அரசும் இதே அரசுதான். ஆங்கிலேயர் பொறுமைசாலிகள், ஒழுங்கானவர்கள், அதனால்தான் கட்டுப்பாடுகளைத் தாங்கினார்கள் என்கிற விளக்கத்தை நான் ஏற்பதில்லை. அரசு அவர்களுக்குப் பயந்தது. நமக்குப் பயப்பட வேண்டியிருக்கவில்லை.

சென்னையில் போரின் வாடை 1942 ஏப்ரலில்தான் முகத்தில் அடித்தது. 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்ததும், அவசியமில்லாதவர்கள் நகரத்தை விட்டுப் போகலாம் என்று அரசு அறிவித்தது. ரயிலிலும் மாட்டுவண்டியிலுமாக ஊர் காலியானது. கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை.

மூன்றாவது கேள்வி: திருப்பிக் கொடுத்தார்களா? கொடுத்தார்கள், மெதுவாக, அரைமனத்தோடு. போர்க்காலம் முழுவதும் தொடாத ரொட்டியை, போர் முடிந்த பிறகு 1946 ஜூலையில் பங்கீட்டில் சேர்த்து இரண்டு ஆண்டு வைத்திருந்தார்கள். கடைசிப் பொருளான இறைச்சி விடுபட்டது 1954 ஜூலை 4. வேலைநிறுத்தத் தடை 1951 வரை இருந்தது. டார்செட் மாவட்டத்தின் டைன்ஹாம் கிராமம் இன்னும் திரும்பவில்லை. பீரங்கிப் பயிற்சிக்கு இடம் வேண்டும் என்று 1943 டிசம்பரில் ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். போகும்போது சர்ச் கதவில் ஒரு சீட்டை மாட்டிவிட்டுப் போனார்கள்: வீடுகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் திரும்பி வருவோம். 1948-ல் ராணுவம் நிலத்தையே கட்டாயமாக வாங்கிக்கொண்டது. இன்றும் பயிற்சி இல்லாத நாட்களில் போய்க் கூரையில்லாத வீடுகளைப் பார்த்துவிட்டு வரலாம்.

அடையாள அட்டையின் கதைதான் எனக்குப் பிடித்தது. 1939 செப்டம்பரில் ஒரே நாள் கணக்கெடுப்பில் நாடு முழுவதற்கும் அட்டை கொடுத்தார்கள். ஆள் சேர்ப்பு, பாதுகாப்பு, பங்கீடு என்று சொல்லப்பட்ட காரணங்கள் மூன்று. 1950 வாக்கில் 39 அரசு அலுவலகங்கள் அந்தப் பதிவேட்டைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. அந்த டிசம்பரில் லண்டனின் ஃபின்ச்லியில் கிளாரன்ஸ் வில்காக் என்பவரின் காரை ஒரு காவலர் நிறுத்தி அட்டையைக் கேட்டார். காட்ட மாட்டேன், நான் லிபரல் கட்சிக்காரன், இதெல்லாம் எனக்கு ஒவ்வாது என்றார் வில்காக். வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போனது. சட்டம் இன்னும் உயிரோடு இருப்பதால் குற்றம் குற்றமே, ஆனால் தண்டனை கிடையாது என்றார் தலைமை நீதிபதி காடர்ட் பிரபு. போருக்காகப் போட்ட சட்டத்தைச் சாதாரணக் காலத்தில் இப்படிப் பயன்படுத்துவது மக்களைக் காவலருக்கு எதிரிகளாக்கும் என்று கண்டித்தார். 1952 பிப்ரவரியில் அட்டை ஒழிந்தது.

இந்தியாவில் பாதுகாப்பு விதிகளின் கீழ் இருந்த பொருள் கட்டுப்பாடுகள், 1946-ல் அத்தியாவசியப் பொருள்கள் (தற்காலிக அதிகாரங்கள்) சட்டமாயின. தற்காலிக என்ற சொல் 1955-ல் பெயரிலிருந்து உதிர்ந்தது. சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. ராஜாஜி 1952-ல் சென்னை மாகாணத்தில் அரிசிப் பங்கீட்டை ஒரேயடியாக எடுத்தார். அறுபதுகளில் கடை திரும்பவும் திறந்தது. அலமாரியில் இருக்கிறது என்று சொன்னேனே, அது அந்த ரேஷன் கார்டுதான். அரிசிக்கும் சர்க்கரைக்கும் என்று கொடுத்த அட்டை பிறகு எரிவாயு இணைப்புக்கும், பள்ளிச் சேர்க்கைக்கும், முகவரிச் சான்றுக்கும் கேட்கப்பட்டது. எந்தப் பொருளும் வேண்டாம், அட்டை மட்டும் இருந்தால் போதும் என்பவர்களுக்காகவே தமிழ்நாட்டில் தனி வகை அட்டை ஒன்று உண்டு.